‘தேவை’ என்றொரு சொல்: எண்ணெயும் வெளியுறவும் குறித்துச் சில குறிப்புகள்

ரெட்டியார்பாளையத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. பத்துப் பேர் வந்தால் அதிகம். சென்ற கூட்டத்தில் தோழர் ஒருவர் இந்தியாவின் எண்ணெய்த் தேவைக்கும் வெளியுறவுக் கொள்கைக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். உழைத்து எழுதப்பட்ட கட்டுரை. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வேகமாக வளரும் பொருளாதாரத்துக்கு எண்ணெய் வேண்டும். உள்நாட்டில் கிடைப்பது போதாது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. எனவே கை நீட்டியாக வேண்டும். கை நீளும் திசையில் கொள்கையும் வளைகிறது. “கடைசியில எல்லாம் எண்ணெய்க்காகத்தான் தோழர்” என்று முடித்தார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

கீழே இறங்கி விழுப்புரம் சாலைக்கு வந்தால் பெட்ரோல் பங்க்கில் வழக்கம்போல வரிசை. டிஎன் 31, டிஎன் 32 என்று கடலூர், விழுப்புரம் வண்டிகளே பாதி. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் ஊருக்குத் திரும்புகிறவர்கள் டாங்க்கை நிரப்பிக்கொண்டு போவது இங்கே நெடுநாள் வழக்கம். மொபெட்டில் கீரைக்கட்டுக் கூடையோடு நின்ற பெரியவர் ஒருவர், “இங்க போட்டா லிட்டருக்கு நாலஞ்சு ரூவா மிச்சம் தம்பி, ஒரு டீக்கும் வடைக்கும் ஆச்சில்ல” என்றார். இவருடைய தேவையும், குஜராத் கடற்கரையில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து ஐரோப்பாவுக்கு டீசலாக ஏற்றுமதி செய்யும் ஆலையின் தேவையும், தோழரின் கட்டுரையில் ‘நாட்டின் எண்ணெய்த் தேவை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. மாடியில் இருந்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தலையாட்டலை நானே கேள்விக்குள்ளாக்கும் முயற்சியாக இந்தக் குறிப்புகளைக் கொள்ளலாம்.

1

முதலில் அந்த வாக்கியத்தைப் பார்ப்போம். ‘எல்லாம் எண்ணெய்க்காகத்தான்’ என்று சொல்லும்போது ஆட்சியாளர்களை அம்பலப்படுத்துவதாக நினைக்கிறோம். அறமும் அணிசேராமையும் பேசுகிற வாயைத் திறந்து உள்ளே இருக்கிற பொருளாதார நலனைக் காட்டிவிட்டதாக ஒரு திருப்தி. ஆனால் அரசு சொல்வதும் அதே வாக்கியம்தான். ‘நமது மக்களின் எரிசக்தித் தேவைக்காக’ என்பது இன்று புதுதில்லியின் வெளிப்படையான வாதம். ஒளித்து வைத்துக்கொண்டு நாம் கண்டுபிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நாம் குற்றப்பத்திரிகையாக வாசிப்பதை அவர்கள் நியாயமாக வாசிக்கிறார்கள். பிரதி ஒன்றுதான்.

இரண்டு வாசிப்புகளும் ‘தேவை’ என்பதை அரசியலுக்கு முந்தைய, இயற்கையான ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன. தாகம் போல, பசி போல. தாகத்தோடு யார் விவாதிக்க முடியும்? மார்க்ஸ் ‘குருண்ட்ரிசே’ முன்னுரையில் வேறு மாதிரிச் சொல்கிறார். உற்பத்தி என்பது பொருளை மட்டும் தருவதில்லை. அதை நுகரும் விதத்தையும், அது வேண்டும் என்ற உணர்வையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறது என்கிறார். இந்த இடத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். எண்ணெய் என்று வந்தால் மறந்துபோகிறோம். சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு இரயிலிடம் இருந்தது. அது லாரிக்கு மாறியது தானாக நடந்த காரியமல்ல. 1990களில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் கார் ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுத்தது, பேருந்தை நலியவிட்டு இருசக்கர வாகனத்தைக் கட்டாயமாக்கியது எல்லாம் முடிவுகள். அந்த முடிவுகளின் விளைவு, பின்னால் ‘தேவை’ என்ற பெயரில் திரும்பி வந்து வேறு முடிவுகளுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. வட்டம் முழுமையாகிவிடுகிறது. உள்ளே நுழைய வாசல் இல்லை.

2

எண்ணெய் வெறும் சொல்லாடல் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990-91ஐ நேரில் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாத் தொழிலாளர்கள் அனுப்பும் பணம் நின்றது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை விமானத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாம் உசேனைத் தழுவிக்கொண்ட காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணவர் குவைத்திலிருந்து அம்மான் வழியாக வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை மட்டும். “உசுரோட வந்தாரே, அது போதும்” என்று அக்கா சொன்னது நினைவிருக்கிறது. போதவில்லை என்பது அடுத்த மாதமே தெரிந்தது.

1991 ஜனவரியில் போர் தொடங்கியதும் நாங்கள் பதினைந்து பேர் புதுச்சேரியில் தட்டி பிடித்து ஊர்வலம் போனோம். ‘எண்ணெய்க்காக இரத்தம் வேண்டாம்’ என்று எழுதியிருந்தோம். அதே மாதம் வளைகுடாவுக்குப் போகிற அமெரிக்க இராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சந்திரசேகர் அரசு அனுமதித்திருந்தது வெளியே வந்தது. எண்ணெய்க்கான போருக்குப் போகும் விமானத்துக்கு நாம் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தோம். அதே ஜனவரியில் பன்னாட்டு நிதியத்திடம் இந்தியா கடனும் வாங்கியது. காங்கிரசின் எதிர்ப்பால் பிப்ரவரியில் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலையில், மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கியிடம் போனது. ஜூலையில் 47 டன் அளவுக்குத் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளின் கடனுக்கு ஈடாகப் போனது. அதன்பின் வந்த பொருளாதார ‘சீர்திருத்தம்’, 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு எல்லாமே இந்த நெருக்கடியின் நிழலில் நடந்தவை.

ஆக, எண்ணெய் கழுத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கழுத்தைப் பிடித்த அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே பாக்தாதில் ஒரு தழுவலும் பம்பாயில் ஓர் எரிபொருள் நிரப்பலும் நடந்திருக்கின்றன. இடையில் அரசும் மாறியிருந்தது. நெருக்கடி எல்லைகளைக் குறுக்கியது. அந்தக் குறுகிய எல்லைக்குள் எந்தப் பக்கம் நகர்வது என்பதை அதுவே தீர்மானிக்கவில்லை. அல்தூசரை வாசித்தவர்கள் பொருளாதாரம் ‘இறுதி நிலையில்’ தீர்மானிக்கிறது என்பதைச் சட்டென்று எடுத்து வீசுவோம். அந்த இறுதி நிலையின் தனி மணி ஒருபோதும் ஒலிப்பதில்லை என்று அவரே கருதியதை வசதியாக விட்டுவிடுவோம்.

3

ஒரே தேவை எதிரெதிர்த் திசைகளில் நடந்திருப்பதைக் காட்ட நம் பக்கத்து ஆளிடமிருந்தே தொடங்கலாம். 2004 மே மாதம் பெட்ரோலிய அமைச்சரான மணிசங்கர் அய்யர் மயிலாடுதுறைத் தொகுதியின் உறுப்பினர். ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு எரிவாயு கொண்டுவரும் குழாயை அவர் தீவிரமாக முன்னெடுத்தார். ‘அமைதிக் குழாய்’ என்று அதற்குப் பெயர். எரிவாயுத் தேவை மட்டும்தான் கொள்கையை வகுக்கிறதென்றால் இந்தக் குழாய் வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2005 ஜூலை 18 அன்று அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்புக்கான கூட்டறிக்கை வெளியானது. அதே செப்டம்பரிலும் 2006 பிப்ரவரியிலும் சர்வதேச அணுசக்தி முகமையில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. 2006 ஜனவரி இறுதியில் அய்யரிடமிருந்து பெட்ரோலியத் துறை பறிக்கப்பட்டு முரளி தேவ்ராவிடம் தரப்பட்டது. 2009இல் ஈரானும் பாகிஸ்தானும் இந்தியா இல்லாமலே குழாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்கும் ‘எரிசக்தித் தேவை’தான் காரணமாகச் சொல்லப்பட்டது என்பது. குழாயைக் கொண்டுவரவும் தேவை. குழாயைக் கைவிடவும் தேவை. இரண்டுக்கும் ஒரே காரணம் பொருந்துமென்றால் அது காரணமாக இருக்க முடியாது.

அடுத்த வழக்கு பர்மா. 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருதை ஆங் சான் சூ கீக்கு அறிவித்த நாடு இது. 2007 செப்டம்பரில் ரங்கூன் தெருக்களில் பிக்குகள் இராணுவ ஆட்சிக்கு எதிராக நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், நமது பெட்ரோலிய அமைச்சர் ஆழ்கடல் எரிவாயு வயல்களுக்கான ஒப்பந்தம் காண அங்கே போயிருந்தார். சரி, எரிவாயுவாவது வந்ததா? இந்திய நிறுவனங்கள் பங்கு வைத்திருந்த அரக்கான் கரையோர வயல்களின் வாயு 2013 முதல் குழாய் வழியாகச் சீனாவுக்குப் போகிறது. தேவை நிறைவேறவில்லை, கொள்கை மட்டும் வளைந்து கொடுத்தது. சூடான் இன்னும் மோசம். உள்நாட்டுப் போரில் எண்ணெய் வயல்களைச் சுற்றி மக்கள் விரட்டப்படுகிறார்கள் என்ற கண்டனம் தாங்காமல் கனடாவின் டாலிஸ்மன் நிறுவனம் தன் 25 விழுக்காட்டுப் பங்கை விற்க முன்வந்தது. 2003இல் அதை வாங்கியது நமது பொதுத்துறை ஓ.என்.ஜி.சி. விதேஷ். அதே 2003இல்தான் ஈராக் போருக்கு எதிராக மறுபடி தட்டி பிடித்தோம். சூடானுக்கு ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை. எண்ணெய்க்காகச் சிந்தும் இரத்தம் அமெரிக்கக் கையில் மட்டும்தான் ஒட்டும் என்று நாம் எப்படியோ நம்பியிருக்கிறோம். பன்மையைப் பேசிய நாம் ஏகாதிபத்தியத்தை மட்டும் ஒருமையில் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, தடைகளின் கதை. 2012இல் ஈரான் மீது அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடைகளை இறுக்கியபோது இந்தியா வாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டாலும் நிறுத்தவில்லை. யூகோ வங்கி வழியாக ஒரு பகுதிக்கு ரூபாயிலேயே பணம் செலுத்த வழி கண்டது. 2019 மே மாதம் அமெரிக்கா விலக்கை நீட்டிக்க மறுத்தபோது, இறக்குமதியில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்த ஈரான் எண்ணெயை அப்படியே நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் மறுபடி வேறு மாதிரி: ஐ.நா. வாக்கெடுப்புகளில் ஒதுங்கி நின்று, அதுவரை 2 விழுக்காட்டைத் தொடாத ரஷ்ய எண்ணெயை ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு வரை கொண்டுபோனது. மூன்று முறையும் வளரும் பொருளாதாரம் அதுவே. எண்ணெய்த் தேவை கூடிக்கொண்டே வந்திருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஒருமுறை தடையை நெளிந்து கடந்தோம், ஒருமுறை பணிந்தோம், ஒருமுறை மீறினோம். வித்தியாசத்தை உண்டாக்கியது யாரோடு நிற்பது, யாருடைய கோபத்தைத் தாங்கலாம், எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும், அது யாருடைய கணக்கில் சேரும் என்பவை. இவையெல்லாம் அரசியல் கேள்விகள். ‘தேவை’ என்ற சொல் இவற்றின் மீது போர்த்தப்படும் துணி.

அமெரிக்கா சொன்னதைக் கேட்டு ரஷ்ய எண்ணெயை விட்டிருக்க வேண்டும் என்பது என் வாதமல்ல. ரஷ்ய எரிவாயுவைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே ஐரோப்பா இந்தியாவுக்கு அறம் போதித்ததில் இருந்த பாசாங்கு ஊரறிந்தது. நான் கேட்பது வேறு. மேற்கின் பாசாங்கைச் சுட்டிக்காட்டிவிட்டால் நம் கணக்கை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிடுமா?

4

கணக்கைப் பார்ப்போம். 2023-24இல் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் ஏறத்தாழ 23 கோடி டன். உள்நாட்டு உற்பத்தி 3 கோடி டன்னைத் தொடவில்லை. அதே ஆண்டு பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என்று சுத்திகரித்து ஏற்றுமதி செய்தது 6 கோடி டன்னுக்கும் மேல். அதாவது ‘நாட்டின் தேவை’ என்று வருகிற கச்சா எண்ணெயில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வெளிநாட்டுத் தேவைக்காகப் போகிறது. இது குற்றமில்லை; வியாபாரம். ஆனால் வியாபாரத்தை வியாபாரம் என்று சொல்ல வேண்டும். கூடை வைத்த மொபெட்காரரை முன்னால் நிறுத்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடாது.

சரி, தள்ளுபடி எண்ணெயின் பலன் அவருக்கு வந்ததா? 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்ததற்குப் பின், பங்க் விலை 2024 மார்ச் வரை ஏறத்தாழ அப்படியே நின்றது. மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது. 2022இல் உலக விலை ஏறியபோது இங்கே ஏற்றாமல் எண்ணெய் நிறுவனங்கள் சில மாதம் நட்டத்தைத் தாங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் விலை இறங்கிய காலத்தின் இலாபம் நிறுவனங்களுக்கும் கருவூலத்துக்குமே போனது. 2014-16இல் உலக விலை பாதிக்கும் கீழே விழுந்தபோதும் இதேதான்: கலால் வரி திரும்பத் திரும்ப உயர்த்தப்பட்டது. 2010இல் பெட்ரோலையும் 2014இல் டீசலையும் ‘சந்தைக்கு’ விட்டபோது, உலக விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றார்கள். ஏறியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் திருப்பூரைப் பார்க்கலாம். ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக அமெரிக்கா கூடுதலாக விதித்த 25 விழுக்காடு 2025 ஆகஸ்ட் 27 முதல் சேர்ந்து, இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 விழுக்காடு ஆனது. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த பின்னலாடை ஆலைகளில் ஆர்டர் நின்றது. அந்த வரி விகிதம் பின்னர் என்ன ஆனது என்பது இங்கே பிரச்சினையில்லை. கச்சா எண்ணெய் இறங்கியது ஜாம்நகரிலும் வாடினாரிலும். அதற்கான தண்டம் விழுந்தது ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வாரக்கூலியில். அவரிடம் யாரும் ரஷ்யா பற்றிக் கேட்கவில்லை. தோழரின் கட்டுரையில் இந்தியா எண்ணெய் ‘வாங்கியது’, இந்தியா அழுத்தத்தைச் ‘சந்தித்தது’ என்று எழுவாய் எங்கும் இந்தியாவாகவே இருந்தது. வாங்கியவரும் சந்தித்தவரும் ஒருவரேதானா என்ற கேள்வி அந்த இலக்கணத்துக்குள் எழவே முடியாது.

5

‘தேவை’ என்ற சொல்லால் மூடப்படுவது எண்ணெய் வியாபாரம் மட்டுமில்லை. சில இடங்களில் எண்ணெயே வேறொன்றுக்கு மூடியாகிறது. தமிழ் வாசகர்கள் நன்றாக அறிந்த ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் உடற்பகுதி பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். வடக்கு-கிழக்கு இணைப்பு, மாகாண சபை, மொழி, ஆயுத ஒப்படைப்பு. அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களை எத்தனை பேர் வாசித்தோம்? அந்தக் கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை என்பது இருக்கிறது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்துவது என்பதும் இருக்கிறது. சீனன்குடாவில் பிரிட்டிஷார் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டிய குதங்கள் அவை. மொத்தம் 99 என்பது இன்றைய கணக்கு.

இந்தியாவின் எண்ணெய்த் தேவைக்கு இந்தக் குதங்கள் அவசியமா? 1987இல் கையெழுத்தானபின் 2003 வரை அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. குதங்களைச் சுற்றிக் காடு வளர்ந்தது. 2003இல்தான் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளை உள்ளே வந்தது. அப்போதும் சில குதங்களே புழக்கத்துக்கு வந்தன. அவசரத் தேவை இருந்தவர்கள் பதினாறு வருடம் காத்திருக்க மாட்டார்கள். அந்த எண்பதுகளில் இந்தியாவுக்கு வேண்டியிருந்தது குதங்களில் எண்ணெயை நிரப்புவது அன்று. அமெரிக்கக் கை அங்கே நுழையாமல் பார்த்துக்கொள்வது. பின்னால் அந்த இடத்தில் சீனக் கை என்ற அச்சம் வந்து உட்கார்ந்தது. 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் போட்டு, 61 குதங்களைக் கூட்டு நிறுவனத்துக்கும் 14ஐ இந்திய நிறுவனத்துக்கும் 24ஐ இலங்கை நிறுவனத்துக்கும் பிரித்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இப்போது உடற்பகுதிக்கு என்ன ஆயிற்று? வடக்கு-கிழக்கு இணைப்பு செல்லாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2007 தொடக்கத்தில் இரண்டும் தனித்தனி மாகாணங்களாயின. புதுதில்லி வருத்தம் தெரிவித்ததோடு சரி. மாகாண சபைகளுக்கு வாக்களித்த காணி, காவல் அதிகாரங்கள் ஏட்டிலேயே நிற்கின்றன. மக்களைப் பற்றிய உடல் நைந்துபோனது. குதங்களைப் பற்றிய கடிதம் பல அரசாங்க மாற்றங்களையும் ஒரு பேரழிவுப் போரையும் தாண்டி மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருக்கிறது. பக்கத்திலேயே சம்பூர். 2006 போரில் அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழர்கள் திரும்ப முடியாதபடி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட நிலப்பகுதியில்தான் இந்திய உதவியுடன் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. 2016இல் அது கைவிடப்பட்டது. ஈழத்தைப் பற்றி இங்கே மேடை போட்டுப் பேசியவர்களும், அதை மறுத்துப் பேசிய நம்மைப் போன்றவர்களும், ஒப்பந்தத்தை வாசித்தோம். அதன் இணைப்பை வாசிக்கவில்லை.

6

வெளியுறவு என்றால் எல்லைக்கு வெளியே நடப்பது என்ற நினைப்பையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம். இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்ற அதே வாதம் உள்ளே திரும்பும்போது, உள்நாட்டில் சிலர் அயலாராகிவிடுகிறார்கள்.

நமது ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டான காரைக்கால்தான் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைக்குத் தலைமையிடம். நரிமணம், குத்தாலம், கதிராமங்கலம் எல்லாம் அதைச் சுற்றி. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். ஜூன் 30 அன்று கதிராமங்கலம் வயலில் குழாய் கசிந்து எண்ணெய் பரவியது. கேட்கப் போனவர்கள் மீது தடியடி. பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைது. துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி ஒருவர் மீது குண்டர் சட்டம். ‘நாட்டின் எண்ணெய்த் தேவைக்கு எதிரானவர்கள்’ என்றார்கள். நாட்டின் சோற்றுத் தேவை என்றொன்று உண்டு, அதை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த விவசாயிகள் சொன்ன பதிலில் இருந்த அரசியலை, அமைப்புகளும் கோட்பாட்டாளர்களும் ‘விவசாயி சென்டிமென்ட்’ என்று தள்ளினோம். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்ததென்றால் அது அவர்கள் உட்கார்ந்ததால். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் எண்ணெய்ப் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திமோத்தி மிட்செல் 2011இல் வெளியிட்ட ‘கார்பன் டெமாக்ரசி’ என்ற நூலில் ஒரு வாதம் இருக்கிறது. நிலக்கரி சுரங்கம், இரயில், துறைமுகம் என்று குறுகிய வழிகளில் மனித உழைப்பால் நகர்ந்தது. எங்கே நிறுத்தினாலும் எல்லாம் நின்றது. ஐரோப்பியத் தொழிலாளர்கள் ஜனநாயக உரிமைகளைப் பறித்தெடுத்தது இந்த நிறுத்தும் சக்தியால். எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் ஓடுகிறது. சிலர் போதும்; ஓரிடத்தில் தடுத்தால் கப்பல் திசை மாறிக்கொள்ளும். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியச் சிரமமில்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 மில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் இங்கே வந்தன. மில்லை நிறுத்த முடிந்ததால் பாரிஸ் வரை கேட்டது. அந்த மில்களின் சங்கு இன்று ஊதுவதில்லை. எண்ணெயை எங்கே நிறுத்துவது? நமக்குக் கிடைத்த பதில் கதிராமங்கலம் வயல்வரப்பு ஒன்றுதான். அது சிறிய இடம். ஆனால் ‘தேவை’ என்ற சொல் சில நாள் ஓடாமல் நின்ற இடம்.

7

எனவே தோழரிடம் நான் மாடியிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது. எண்ணெய்த் தேவை வெளியுறவைத் தீர்மானிக்கிறது என்று எழுதும் ஒவ்வொரு முறையும், தீர்மானித்தவர்களுக்கு நாம் ஒரு விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். தேவையே முடிவெடுத்தது என்றால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? விமர்சனம் செய்வதாக எண்ணி, அரசின் வாக்கியத்தைச் சிவப்பு மையில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நான் பிடித்த தட்டியும் அப்படித்தான். எழுதியவனின் நாட்டை மட்டும் அது கணக்கில் சேர்க்கவில்லை.

மாற்றாக ஒரு பெருங்கதையாடலை இங்கே முன்வைக்கும் யோசனை எனக்கில்லை. சில சாதாரணக் கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கப்பல் எண்ணெய் எங்கே இறங்குகிறது, எங்கே ஏறிப் போகிறது? தள்ளுபடி யாருக்கு, தண்டம் யாருக்கு? எந்த நாட்டின் எந்தக் கிராமம் காலி செய்யப்பட்டது? இந்தத் தேவையை உண்டாக்கிய முடிவு எந்த வருடத்தில், யாரால் எடுக்கப்பட்டது? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இணைப்புக் கடிதம் இருக்கிறதா?

அடுத்த கூட்டத்துக்குத் தோழர் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். “எல்லாத்தையும் உடைச்சிட்டா அப்புறம் என்னத்தச் சொல்றது?” என்று போனில் கேட்டார். நியாயமான கேள்வி. மொபெட்டில் வந்த பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அவர் அன்று போட்டது ஒரு லிட்டர். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீட்டர் பூஜ்யத்திலிருந்துதான் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். அங்கிருந்து ஆரம்பிக்கலாமே என்றேன்.